பஞ்சி என்று எழுதியவருக்கு ஒரு தையற்காரியின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். வன்னிப் பெண்களுக்கு உடம்பு வைப்பதும் நீரிழிவு வருவதும் பஞ்சியால்தான், அதாவது சோம்பலால்தான் என்று எழுதியவர், இப்போது ஜிம்முகள் வந்துவிட்டன, போவதற்குத்தான் ஆளில்லை என்று முடித்திருந்தார். நான் போகிறேன். ஆனால் என்னிடம் தைக்க வருகிறவர்களில் பலர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கட்டுரை எழுதியவர் அவர்களிடம் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கிறேன், அதுவும் அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு.

நான் வட்டக்கச்சியில் தையல் தைக்கிறேன். எங்கள் பகுதிப் பெண்களின் உடம்பைப் பற்றி டொக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான் என்றால் பெருமை அடிக்கிறாள் என்று நினைக்கக்கூடாது. டொக்டரிடம் சொல்லாததையும் என்னிடம் சொல்வார்கள். அளவு எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். “அக்கா, எத்தினை எண்டு சத்தமாச் சொல்லாதேங்கோ” என்பார்கள். பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் நான் வாயே திறக்காமல் கொப்பியில் எழுதிவிடுவேன்.

2009 இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோதும் தைத்தேன். மெசின் இல்லை, ஊசியும் நூலும்தான். அங்கே வந்ததெல்லாம் சட்டை பிடிக்கிற வேலை. அவ்வளவு மெலிந்து போயிருந்தோம். தோளில் நிற்காத சட்டைகளை இரண்டு பக்கமும் பிடித்துக் கையால் தைத்துக் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பி, நிவாரண அரிசியும் பருப்பும் போய், சொந்த வயல் நெல்லில் சோறு சாப்பிடத் தொடங்கிய பிறகு அதே தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் உடம்பு வைப்பது நல்ல செய்தி. “இப்பத்தான் பாக்க ஆள் மாதிரி இருக்கிறீர்” என்று முகம் மலரச் சொல்வார்கள். என் அம்மா இன்றைக்கும் என் கோப்பையில் மூன்றாவது அகப்பைச் சோற்றைப் போட்டால்தான் ஆறுவா. பதுங்குகுழிக்குள் பேரப்பிள்ளை பசியில் அழுததைப் பார்த்தவவிடம் சோற்றைக் குறையுங்கோ என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் வேலை மாறியது. முதலில் ஒரு நிறுவனம் தந்த மெசின் காலால் மிதிக்கிறது. பிறகு அதற்கு மோட்டர் பூட்டினேன். இப்போது கால் பெருவிரல் மட்டும்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தேத்தண்ணி வைத்தால், கூடவே எனக்கும் ஒன்று, சீனி போட்டு. வயலிலும் இதே கதைதான். களை பிடுங்கியவர்கள் மருந்து அடிக்கிறார்கள், அரிவு வெட்டியவர்கள் வரம்பில் நின்று அறுவடை மெசினைப் பார்க்கிறார்கள். கிணற்றில் அள்ளியவர்களுக்கு மோட்டர் இறைக்கிறது. யாரும் பஞ்சிப்பட்டு இதையெல்லாம் செய்யவில்லை. நாரி முறிய வேலை செய்த சனம் கொஞ்சம் இளைப்பாறியது, அவ்வளவுதான்.

பஞ்சி என்று சொல்பவர் 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். பெற்றோல் இல்லை. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்குக்கு அடிக்கிற முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தொடக்கத்தில் தந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கொட்டிலில் கிடந்த சைக்கிளை இழுத்து, ரியூப் மாற்றி, கிளிநொச்சிக்கு மிதித்தார்கள். அதில் என்னைவிட மொத்தமானவர்களும் இருந்தார்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லாமல் புதுக்குடியிருப்பு வரைக்கும் மிதித்த கால்கள் அவை, மறந்துவிடவில்லை. யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பதற்கு ஆள் இல்லை, எல்லோரும் சைக்கிளில்தான். சந்தியில் கடை வைத்திருக்கிற ஐயாகூட ஒரு சொல் சொல்லவில்லை, அவரும் மிதித்துக்கொண்டிருந்தார். பெற்றோல் வந்தது, ஸ்கூட்டி வந்தது. இப்போது யாராவது ஒருத்தி தனியாகச் சைக்கிளில் போனால் “ஏன் பிள்ளை, ஸ்கூட்டி பழுதோ?” என்று கேட்கிறார்கள். உடம்புக்காக மிதிக்கிறேன் என்று சொன்னால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நாளைக்கு ஸ்கூட்டியிலேயே போய்விடுவாள்.

நடக்கலாமே என்பார்கள். வாய்க்கால் கட்டு நீளத்துக்குக் கிடக்கிறது, உண்மை. விடியப்புறம் போனால் நாய், இருண்ட பிறகு போனால் வெளிச்சம் இல்லை, இடையில் போனால் வெயிலும் மணல் ஏற்றிய டிப்பரும். மாரி தொடங்கினால் கட்டு சேறு. இதற்கு மேல், எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கே போகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு நீரிழிவு இருப்பது ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தெரிந்தது. அங்கே இருந்த தாதி மிஸ் நல்லவ. திட்டவில்லை. தென்னாசியாவில் பிறந்தவர்களுக்கு உடம்பு அவ்வளவு பெருக்காமலே இந்த வருத்தம் வந்துவிடும் என்று விளங்கப்படுத்தினா. உயரத்தையும் நிறையையும் வைத்துப் பார்க்கிற பிஎம்ஐ கணக்கில் வெள்ளைக்காரருக்கு 25 என்றால் எங்களுக்கு 23 இலேயே கவனம் வேண்டுமாம். இடுப்பு, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. நான் உடனே அங்குலத்துக்கு மாற்றிப் பார்த்தேன், பழக்கதோசம். 80 சென்ரிமீற்றர் என்றால் 31½ அங்குலம். என் கொப்பியில் அந்த அளவுக்குள் அடங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்! கிழமைக்கு 150 நிமிசமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது பாரம் தூக்குவது போலத் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், தசை வேலை செய்தால் இரத்தத்தில் இருக்கிற சீனியை எடுத்துக்கொள்ளும், நிறை குறையாவிட்டாலும் அந்த நன்மை கிடைக்கும் என்றா. பாரம் தூக்குவது ஆம்பிளைப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்திருந்த எனக்கு அது புதுக்கதை.

ஆகவே கிளிநொச்சி நகரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கண்டி வீதியைப் பார்த்தபடி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. யாழ்ப்பாணம் போகிற பஸ், வவுனியா போகிற பஸ், நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே நடப்பது தெரியும். ட்ரெட்மில்லை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள், விளம்பரத்துக்காம். உள்ளே திரும்பினால் மூன்று பக்கமும் முகம் பார்க்கிற கண்ணாடி. என் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது, ஆனால் பின்னால் சிரிக்கிற சத்தம் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. ‘அன்ரிக்கு மெசின் தாங்குமோ’ என்று ஒரு தம்பி கேட்டது என் காதில் விழுந்தது. அவனுடைய தாய்க்குத் தைத்துக் கொடுக்கிறவள் நான். தாயின் இடுப்பளவு என்னிடம் இருக்கிறது, சொல்லவில்லை.

மெசின் எவ்வளவு நிறை தாங்கும் என்பது உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விசயம், ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அதைச் சிரிக்காமல் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்திருந்தால் போதும். அப்படி ஒருவர் இருந்தார், ஜிம்காரர் அல்ல. ஜெய்ப்பூர் கால் போட்ட ஓர் அண்ணா. காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு வாங்கில் படுத்து நெஞ்சுக்குப் பாரம் தூக்குவார். பெடியள் ஓடி ஓடித் தட்டுப் பூட்டிக் கொடுப்பார்கள். ஒருவனும் அந்தக் காலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்படிப் பார்ப்பான், வன்னியில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் கால் இல்லாத ஒருவர் இருக்கிறார், அவன் வீட்டிலும் இருக்கலாம். கண்டு பழகிவிட்டது. அந்த அண்ணாதான் என்னைக் கூப்பிட்டு, “தங்கச்சி, ஓடுற மெசினை விடுங்கோ, முழங்கால் நோகும். இருந்து மிதிக்கிற சைக்கிளில துவங்குங்கோ. என்னையும் முதல்ல பாத்தவங்கள்தான், பிறகு மறந்திட்டாங்கள்” என்றார். வயிறு பெருத்த பெண் பாரம் தூக்குவதை இந்தப் பெடியள் கண்டதில்லை. நாங்கள் போகாதவரை காணவும் மாட்டார்கள். அதனால்தான் நான் நிற்கவில்லை. ஆனால் எல்லாப் பெண்களிடமும் அந்தப் பொறுமையைக் கேட்பது நியாயமில்லை.

படக் கதையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் போனைக் காட்டி “இது நீங்கள்தானே அக்கா?” என்று கேட்டா. ஜிம்மின் முகநூல் பக்கத்தில் பின்னால் இருந்து எடுத்த என் படம், ‘வயது தடையில்லை, உடம்பு தடையில்லை’ என்று மேலே எழுதி. கீழே வந்த கருத்துகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டதும் உரிமையாளர் எடுத்துவிட்டார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ‘உங்களைப் பாத்து நாலு பேர் வருவினமெண்டுதான் அக்கா போட்டனான்’ என்றார். அந்தப் படத்தைப் பார்த்து என் கடைக்கு வருகிற மூன்று பேர் சேரும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது.

ஜிம் வைத்திருப்பவர்கள் வியாபாரிகள், வியாபாரமாகவே பேசுகிறேன். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை உங்கள் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. பெடியள் ரியூசனில், ஆம்பிளையள் வேலையில். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற தாய்மாருக்கு அதுதான் ஓய்வான நேரம். கிழமையில் இரண்டு நாள் அந்த நேரத்தைப் பெண்களுக்கு மட்டும் என்று அறிவியுங்கள். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு ஞாயிறு காலை. பழக்குவதற்கு ஒரு பெண் வேண்டும். பள்ளிக்கூட அணிகளில் ஓடிய, எறிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார்கள், ஒருத்தியை முறையாகப் பயிற்றினால் போதும். கேட்காமல் படம் எடுப்பதில்லை என்று வாசலில் எழுதிப் போடுங்கள். நாங்கள் பத்துப் பேர் மாதக் காசை முன்கூட்டியே தருவோம்.

உடுப்பு அடுத்த தலையிடி. கடையில் விற்கிற ட்ராக் பொட்டம் எங்களுக்கு இடுப்பில் ஏறினால் காலில் நீண்டு நிலத்தைக் கூட்டும். ஆம்பிளையளின் பெரிய அளவை வாங்கினால் இடுப்பில் நிற்காது. பலர் சல்வாரோடு வந்து துப்பட்டாவைச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறார்கள், ஆபத்து. எனக்கு நானே தைத்துக்கொண்டேன். தையல் தெரிந்த சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: இழுபடுகிற பருத்தித் துணி எடுங்கள், வெறும் நைலெக்ஸ் வியர்வையில் ஒட்டும். கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தையுங்கள், தொடை உரசிப் புண்ணாகாது, குந்தி எழும்பும்போது கிழியாது. இடுப்புப் பட்டி நான்கு விரல் அகலம் வேண்டும், மெல்லிய இலாஸ்ரிக் வயிற்றை வெட்டும். மேலே போடுகிற ரீசேட்டைத் தொடை பாதிவரை இறக்கிப் பக்கத்தில் வெட்டு விடுங்கள். இதைப் போட்ட பிறகு என்னிடம் தைத்த இரண்டு பேர் ஜிம்முக்கு வருகிறார்கள். கட்டுரைகளைப் பார்த்து அவர்கள் வரவில்லை.

ஊர்ச் சனத்துக்கும் ஒரு சொல். கல்யாண வீட்டில் கண்டதும் ‘என்ன, நல்லா மொத்தீட்டீர்’ என்று கேட்பவர்களே, எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறது. காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக்கூடாது என்று தெரிந்த சனம் நாங்கள். காயப்பட்ட முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த மரியாதையில் கொஞ்சத்தை இந்தப் பக்கமும் திருப்பலாம்.

பள்ளிக்கூட மைதானங்களைப் பின்னேரத்தில் திறந்து இரண்டு விளக்குப் போட்டால் ஜிம்முக்குக் காசு கட்ட முடியாதவர்களும் கூட்டமாக நடப்பார்கள். இதை அதிபர்மாரும் பிரதேச சபைக்காரரும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கண்டி வீதியைப் பார்க்கிற அந்தக் கண்ணாடி விசயத்தையும் உரிமையாளருக்கு உங்கள் பத்திரிகை மூலமாகவே சொல்லிவிடுகிறேன். பாதி உயரத்துக்கு ஒரு திரை போட்டால் போதும், வெளிச்சமும் வரும், உங்கள் பெயர்ப் பலகையும் மறையாது. துணியை மட்டும் வாங்கித் தாருங்கள். தையற்கூலி வேண்டாம். அளவெடுக்க ஒரு காலை நேரம் வருகிறேன், உயரத்தில் டேப் பிடிக்க அந்தத் தம்பியை நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தையற்காரி ஒருத்தி,
வட்டக்கச்சி.