ரெக்ஸ்களும் உட்கலப்பும்: முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். உன் மகன் வீட்டுக்கென்று தனி சர்வர் அமைத்துத் தந்ததும், நீயும் டைனோசர்களைப் பழக்கி வளர்க்கும் ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு கணினி விளையாட்டில் இறங்கி ரெக்ஸ் என்னும் டைனோசர் வளர்ப்பில் மூழ்கியிருப்பதும் அறிந்து சிரித்துக்கொண்டேன். ஒரே பெற்றோருக்குப் பிறந்த ஆணையும் பெண்ணையும் இணைசேர்த்தால் குஞ்சுகள் நலிந்துபோகுமோ என்று கேட்டிருந்தாய். நீ கல்லூரியில் படித்த விலங்கியலை இன்னும் மறக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. ஆனால் அந்த விலங்கியலை இந்த விளையாட்டு பாதி மட்டுமே படித்திருக்கிறது.

நேரடியாகச் சொல்வதானால், ஆர்க்கில் உட்கலப்பினால், அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பதால், எந்தத் திறனும் குறைவதில்லை. உடல்நலம், சகிப்புத்திறன், ஆக்ஸிஜன், உணவு, சுமை, தாக்குதல், வேகம் ஆகிய ஒவ்வொன்றையும் விளையாட்டு ஒற்றை எண்ணாகவே வைத்திருக்கிறது. காட்டில் பிறந்தபோது அமைந்த புள்ளிகளும் பழக்கும்போது கூடிய புள்ளிகளும் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். பழக்கிய பிறகு நீ ஏற்றிய லெவல்களும், குஞ்சை முழுமையாகப் பேணி இம்பிரிண்ட் செய்வதால் (வளர்ப்பவரோடு பிணைப்பதால்) கிடைக்கும் 20 விழுக்காட்டுக் கூடுதலும் அந்த உயிரோடு நின்றுவிடும். குஞ்சு ஒவ்வொரு திறனையும் தனித்தனியே ஏதாவது ஒரு பெற்றோரிடமிருந்து அப்படியே பெறுகிறது. உயர்ந்த எண் வருவதற்கான வாய்ப்பு 55 விழுக்காடு, தாழ்ந்த எண்ணுக்கு 45. இரண்டு திறன்களில் உயர்ந்தவை ஒருசேர வருவதற்கு ஏறக்குறைய 30 விழுக்காடு, நான்கு என்றால் 9 விழுக்காடு. நல்ல தாய், நல்ல தந்தை இருந்தும் குப்பைக் குஞ்சுகளே பொரிகின்றன என்று நீ புலம்பியிருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உட்கலப்பின் கவர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. இரு பெற்றோரிடமும் ஒரே எண் இருந்துவிட்டால் 55-க்கும் 45-க்கும் பொருளே இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் குஞ்சுக்கு அதே எண்தான். ஆகவே, சிறந்த எண்கள் அனைத்தும் ஒன்றுசேர்ந்த ஓர் ஆணும் அவ்வாறே அமைந்த உடன்பிறந்த பெண்ணும் கிடைத்துவிட்டால், அதன்பின் பொரியும் ஒவ்வொரு குஞ்சும் பெற்றோரின் நகல். உட்கலப்பு திறனை உயர்த்துவதில்லை, நிலைப்படுத்துகிறது. ஆய்வக எலிகளில் அண்ணனையும் தங்கையையும் குறைந்தது 20 தலைமுறைகள் தொடர்ந்து இணைசேர்த்த பிறகே அதைத் தூய வழி என்று ஒப்புக்கொள்கிறார்கள். உனக்கு அது சில தலைமுறைகளிலேயே கைகூடிவிடும்.

சடுதிமாற்றத்துக்கு, அதாவது பெற்றோரிடம் இல்லாமல் குஞ்சில் திடீரெனத் தோன்றும் மாற்றத்துக்கு, வருகிறேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் விளையாட்டு மூன்று முறை பகடை உருட்டுகிறது, ஒவ்வொன்றிலும் 2.5 விழுக்காடு வாய்ப்பு, மூன்றும் சேர்ந்து 7.31 விழுக்காடு. விழுந்தால் ஏதாவது ஒரு திறனில் 2 புள்ளி கூடும், உடலின் ஆறு நிறப்பகுதிகளில் ஒன்று வேறு நிறமாகும். ரெக்ஸுக்கு உடல்நலத்தில் ஒரு புள்ளி 220 என்பதால், ஒரு சடுதிமாற்றம் 440 கூட்டும். திறனைக் குறைக்கும் மாற்றம் இந்த விளையாட்டில் கிடையவே கிடையாது. மோசமானது என்றால், வேகத்திலோ ஆக்ஸிஜனிலோ விழுந்து உனக்குப் பயன்படாமல் போகலாம். அல்லது கம்பீரமான ரெக்ஸ் ஒன்று பளபளக்கும் இளஞ்சிவப்பு வயிற்றோடு முட்டையிலிருந்து வெளிவரலாம். இதைத் திறன்குறைவில் சேர்ப்பதா என்பது உன் ரசனையைப் பொறுத்தது.

அப்படியானால் அண்ணன் தங்கையைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே போகலாமா என்று கேட்பாய். கூடாது. உட்கலப்பு இங்கே உடலைக் கெடுப்பதில்லை, கணக்கைக் கெடுக்கிறது. வம்சாவளித் திரையில் தாய்வழி, தந்தைவழி என இரண்டு சடுதிமாற்ற எண்ணிக்கைகள் இருப்பதைப் பார்த்திருப்பாய். தாயின் இரு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை குஞ்சின் தாய்வழியிலும், தந்தையினுடையது தந்தைவழியிலும் ஏறும். ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே சடுதிமாற்றமாக இருந்தாலும், இரு பக்கமும் வந்துவிட்டால் இரண்டாகவே எண்ணப்படும். தலா ஒரு சடுதிமாற்றம் உள்ள உடன்பிறப்புகளைச் சேர்த்தால் குஞ்சுகளுக்கு 2. அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் 4. பிறகு 8, 16, 32. புதிதாக ஒரு சடுதிமாற்றமும் நிகழாமலேயே ஐந்து தலைமுறையில் 32 ஆகிவிடுகிறது. மொத்தம் 20-ஐத் தொட்ட உயிரின் பக்கமிருந்து மேற்கொண்டு சடுதிமாற்றம் வராது. பெற்றோர் இருவரும் அந்த எல்லையைக் கடந்துவிட்டால் அந்த வழி அப்படியே உறைந்துபோகும். ஆயிரம் முட்டை பொரித்தாலும் ஒரு புள்ளி கூடாது.

உண்மை உலகில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு உயிரும் ஒடுங்கு நிலையில் சில தீய மரபணுக்களை மறைத்துச் சுமக்கிறது. உறவுக்குள் இணையும்போது ஒரே தீய மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்து வெளிப்படுகிறது. ஸ்பெயினின் கடைசி ஹாப்ஸ்பர்க் வம்ச மன்னர் இரண்டாம் சார்லஸை நினைத்துக்கொள். அவருடைய தந்தை நான்காம் பிலிப், தாய் மரியானாவுக்குத் தாய்மாமன். மாமனுக்கும் மருமகளுக்கும் பிறக்கும் பிள்ளையின் உட்கலப்புக் கெழு (ஒரே மூதாதையின் மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பின் அளவு) 0.125 என்பதைத் தாய்மாமன் திருமணத்தை அறிந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல தலைமுறைகள் உறவுக்குள்ளேயே மணந்ததால் சார்லஸுக்கு அது 0.254, அதாவது அண்ணன் தங்கைக்குப் பிறந்த பிள்ளைக்குரிய 0.25-ஐயும் தாண்டியது. வாழ்நாள் முழுதும் நோயோடு கிடந்து, வாரிசின்றி 1700-இல் இறந்தார். ஆர்க்கில் மறைந்திருப்பது என்று எதுவுமே இல்லை. திரையில் தெரியும் எண்தான் அந்த உயிரின் முழு மரபும். ஒடுங்கு பண்பு ஒன்றிரண்டையாவது சேர்த்திருந்தால் வளர்ப்பு இன்னும் சுவையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். உன் மகன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

வியப்பு என்னவென்றால், காரணம் வேறானாலும் மருந்து ஒன்றாகவே இருக்கிறது. புளோரிடாவின் மலைச்சிங்கங்கள் முப்பதுக்கும் கீழே குறைந்து, வளைந்த வாலும் இதயக் குறையும் இறங்காத விதைகளுமாய்த் தவித்தபோது, 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள், கூட்டம் மீண்டது. நீயும் உன் மந்தைக்கு வெளிப்பெண்களைத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில், சடுதிமாற்றமே இல்லாமல், சிறந்த அடிப்படை எண்கள் மட்டும் கொண்ட பெண் ரெக்ஸ்களை நிறைய வளர்த்துக்கொள். அவற்றின் எண்ணிக்கை இரு பக்கமும் சுழியமாகவே இருக்க வேண்டும். ஒரே ஓர் ஆணை அவற்றோடு விடு. விரும்பிய திறனில் 2 புள்ளி கூடிய ஆண் குஞ்சு பொரிந்ததும், பழைய தந்தையை விலக்கிவிட்டு இந்த மகனை அதே பெண்களோடு சேர். ஆம், தன் தாயோடும் சேர்த்துத்தான்; விளையாட்டுக்கு அதில் கூச்சமில்லை. இவ்வழியில் தாய்வழி எண்ணிக்கை தலைமுறைதோறும் புதிதாகத் தொடங்கும், ஏற்றமெல்லாம் தந்தைவழியில் மட்டுமே. ஆண் 20-ஐக் கடந்த பிறகும் பெண்களின் பக்கம் திறந்தே இருப்பதால், வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையுமே ஒழிய அற்றுப்போகாது. பெண்கள் நிறைய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இயல்பு அமைப்பில் ஒரு பெண் மறுபடி இணைய 18 முதல் 48 மணி நேரம் ஆகும், ரெக்ஸ் முட்டை பொரிய ஏறக்குறைய 5 மணி நேரம். உடல்நலத்துக்கு ஒரு வழி, தாக்குதலுக்கு ஒரு வழி எனத் தனித்தனியே வளர்த்துக் கடைசியில் இணை. அப்போது எண்ணிக்கை எகிறினாலும் கவலையில்லை. ஒரு திறனில் 255 புள்ளிதான் உச்சம் என்பதை மட்டும் மனத்தில் வை. அதிகாரபூர்வ சர்வர்களில் 450 லெவலைத் தாண்டிய உயிர் நீக்கப்பட்டுவந்தது; அந்தத் தொல்லை உன் வீட்டு சர்வரில் இல்லை.

இப்போது கையிலிருக்கும் உடன்பிறப்பு இணையின் வம்சாவளி எண்ணிக்கைகளை அடுத்த கடிதத்தில் எழுது. ஆணின் இரு எண்ணிக்கைகளும் சேர்ந்து இன்னும் 20-க்குள் இருந்தால் அதையே தொடக்கமாகக் கொள்ளலாம். இல்லையென்றால் காட்டிலிருந்து புதிதாக ஒன்றைப் பழக்குவதே மேல். உன் மகனுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
செல்வம்