கடி மன்னனுக்கு

அன்புள்ள கடி மன்னா,

உன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. குடும்பத்தோடு வருகிறோம். இத்தனை நாள் எழுதாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

அது சரி, 'கடிமண விழா' என்று அச்சடித்தது யார் யோசனை? சம்பந்தி வீட்டார் அரண்டு போயிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அச்சமும் 'கடி'க்குள் இருக்கிறது. தொல்காப்பியர், சொற்பொருள் சொல்லும் உரியியலில், காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளை அடுக்கிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே ஐயம், கரிப்பு (காரம்) என்று இன்னும் இரண்டைச் சேர்க்கிறார். நன்னூலில் அது 13. 'மன்றல்' என்று கல்யாணத்தைப் பட்டியலில் ஏற்றியவர் பவணந்தி முனிவர்தான். நீ வகுப்பில் போட்ட கடிக்கு மட்டும் இரண்டு பேருமே இடம் தரவில்லை!

அகநானூறு 136-இல் ஒரு கல்யாணம் வருகிறதே, 'கடிநகர் புனைந்து' என்று. மண வீடா, காவலுள்ள வீடா? எப்படிப் படித்தாலும் பொருந்துகிறது. எனக்கு உறுத்துவதே அதுதான்.

கடிமரம் நினைவிருக்கிறதா? அரசனின் காவல் மரம். எதிரி அதை வெட்டினால் மானம் போச்சு. நன்னன் என்ற சங்ககாலக் குறுநில மன்னனின் மாமரமும் அப்படி ஒன்று. அதன் காயை ஆறு அடித்துக்கொண்டு வர, குளிக்கப் போன பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருகிறோம் என்றார்கள். நன்னன் கேட்கவில்லை, கொன்றுவிட்டான்.

சங்கப் புலவர் பரணர் இதைப் போர்ப்பாட்டில் வைக்கவில்லை. குறுந்தொகை 292-இல், மகளைக் காவல் காக்கும் தாயைத் தோழி சபிக்கும்போது வருகிறது. என்றோ ஒருநாள் மகளின் காதலன் சிரித்த முகத்தோடு விருந்தாக வந்துவிட்டானாம். அன்றிலிருந்து பகைவர் சூழ்ந்த ஊர் போல அம்மா தூங்குவதே இல்லை. நன்னன் போன நரகத்துக்கே போகட்டும் என்கிறாள். பாட்டில் 'கடி' என்ற சொல்லே கிடையாது. ஆனால் மரத்துக்குப் போட்ட காவலையும் பெண்ணுக்குப் போட்ட காவலையும் பரணர் ஒரே தட்டில் வைத்துவிட்டார். எனக்கும் பெண் இருக்கிறாள். அவள் இரவு வீடு திரும்பும்வரை தூங்காத ஆள் நான். அந்தச் சாபம் யாருக்கு என்று யோசித்தால் சிரிப்பு வரவில்லை. நீ எப்படிச் சமாளித்தாய்?

அப்புறம், நீ கொண்டுபோன குறுந்தொகை, உ.வே.சா. உரைப் பதிப்பு, கல்யாணத்துக்குள் எனக்கு வேண்டும். 'தேடிப் பார்க்கிறேன்' கதையெல்லாம் வேண்டாம்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்