‘வெளிநாட்டுக் கதை’ என்றால் எந்த நாடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியைப் பல ஆண்டுகளாக என் பேத்திக்கு வாசித்துக் காட்டி வருகிறேன். அப்பகுதியில் அவ்வப்போது ‘வெளிநாட்டுக் கதை’ என்ற தலைப்பில் ஒரு கதை வெளியாகிறது. அதை எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார், தமிழில் தந்தவர் யார் என்ற குறிப்பு எதுவும் உடன் இருப்பதில்லை. அண்மையில் வந்த ஒரு கதையில் பனிப்பொழிவில் வழி தவறிய சிறுவனுக்குக் கண்ணன் என்று பெயர் வைத்திருந்தீர்கள். “இந்தக் கண்ணன் எந்த நாட்டுப் பையன், தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

பிற நாட்டுச் சிறுவர் நூல்களைக் குழந்தைகளின் கைக்குக் கொண்டு சேர்ப்பதை வாழ்நாள் பணியாகக் கொண்டவர் யெல்லா லெப்மன். ஜெர்மனியில் பிறந்த யூதப் பத்திரிகையாளரான அவர், ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி 1936 இல் இங்கிலாந்து சென்றார். போர் முடிந்ததும், தம்மை விரட்டிய அதே நாட்டின் குழந்தைகளுக்காகத் திரும்பி வந்தார். சோற்றுக்கும் கூரைக்கும் தவித்த அக்குழந்தைகளுக்குப் புத்தகமும் உடனடித் தேவைதான் என்று வாதிட்டு, சிறுவர் நூல்களை அன்பளிப்பாக அனுப்புமாறு இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு முறை ஜெர்மனியின் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் மறுத்துவிட்டது. அவர் மனம் தளராமல் மீண்டும் எழுதினார், பெல்ஜியமும் அனுப்பியது. 1946 இல் மியூனிக் நகரில் அந்த நூல்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1949 இல் அங்கேயே உருவான அனைத்துலக இளையோர் நூலகம் இன்றும் இயங்கி வருகிறது.

அவர் செய்த மற்றொரு காரியத்தை நாளிதழ் நடத்தும் தங்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சண்டையிட விரும்பாமல் மரநிழலில் அமர்ந்து பூக்களை முகரும் பெர்டினான்ட் என்ற காளையின் கதையை அவரே ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்து, நல்ல தாள் கிடைக்காத அக்காலத்தில் செய்தித்தாள் காகிதத்திலேயே 30,000 படிகள் அச்சிட்டு, குழந்தைகளுக்கு விலையின்றி வழங்கினார். நாள்தோறும் நம் வீட்டு வாசலில் வந்து விழும் காகிதத்தின் வகைதான் அதுவும். அமெரிக்கக் கதை அது என்பதையோ காளையின் பெயரையோ அவர் மறைக்கவில்லை.

பெயரை மாற்றினால்தான் குழந்தைக்குப் புரியும் என்று தங்கள் ஆசிரியர் குழு கருதக்கூடும். அக்கறையால் பிறக்கும் எண்ணம்தான் அது. ஆயினும் குழந்தைகளைக் குறைத்து மதிப்பிடுகிறது. சுவீடனின் அஸ்திரிட் லிண்ட்கிரன் 1945 இல் வெளியிட்ட ‘பிப்பி’ கதையில், ஒன்பது வயதுச் சிறுமி ஒரு முழுக் குதிரையை இரு கைகளால் தூக்குவாள். பிரெஞ்சு மொழியில் அதை முதலில் வெளியிட்டவர்கள், இதைக் குழந்தைகள் நம்பமாட்டார்கள் என்று கருதி, குதிரையை மட்டக்குதிரையாக்கிவிட்டார்கள். அப்படியானால் மட்டக்குதிரையைத் தூக்கும் பிரெஞ்சுச் சிறுமி ஒருத்தியின் புகைப்படத்தை அனுப்புங்கள் என்று லிண்ட்கிரன் கேட்டதாகச் சொல்வார்கள். தூக்க முடியாததைத் தூக்குவதில் இருக்கும் பேரின்பத்தைத்தான் அந்தத் திருத்தம் பறித்தது. பனியை ஒருமுறையும் பார்த்திராத குழந்தை அதைக் கதையில்தான் முதலில் காண்கிறது. வாயில் நுழையாத பெயரை நான்கு முறை சொல்லிப் பார்த்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. தெரிந்த பெயரையும் தெரிந்த உணவையும் மட்டுமே கொடுப்பதென்றால், வேற்று நாட்டுக் கதையைத் தேடிப் போவதற்கே காரணம் இல்லை.

படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படநூலில் பாதிக் கதையை ஓவியர் சொல்கிறார். அரபு நூல்களையும், மேலிருந்து கீழாக எழுத்து ஓடும் ஜப்பானிய நூல்களையும் வலப்புறமாகத் திறந்து வாசிக்கிறார்கள். ஆகவே அவற்றில் பயணம் போகும் பாத்திரங்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக நடக்கின்றன. இடமிருந்து வாசிக்கும் மொழிக்கு மாற்றும்போது படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டால் வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையர் ஆகிவிடுவார். திருப்பாமல் விட்டாலோ, வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வீட்டுக்குத் திரும்பி வருபவர்போலத் தோன்றுவார். இத்தகைய நுட்பங்களை எண்ணி உழைக்க வேண்டிய வேலையில், மூல ஓவியத்தை நீக்கிவிட்டு, கதைக்குத் தொடர்பில்லாத படத்தை நிரப்புவது பெரும் இழப்பாகும்.

மொழிபெயர்ப்பாளரின் பெயரை விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. லெப்மனின் முயற்சியால் 1953 இல் சூரிச்சில் தொடங்கப்பட்ட அனைத்துலக இளையோர் நூல் வாரியம், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் சிறப்புப் பட்டியலில் எழுத்தாளர், ஓவியர் ஆகியோருக்கு இணையாக மொழிபெயர்ப்பாளரையும் நிறுத்திப் பெருமைப்படுத்துகிறது. சுவீடிஷ் மொழியிலிருந்தோ கொரிய மொழியிலிருந்தோ நேரடியாகத் தமிழாக்கம் செய்யக்கூடியவர்கள் அரிதாகவே கிடைப்பார்கள் என்பதை அறிவேன். ஆங்கிலத்தின் வழியாக வருவதில் பிழையில்லை. அவ்வாறு வந்தது என்பதை ஒரு வரியில் தெரிவித்துவிட்டால் போதும்.

சிறுவர் இதழ்களின் பக்கங்களிலிருந்தே உலகப் புகழ் பெற்ற கதைகள் எழுந்திருக்கின்றன. பினோக்கியோ என்ற மரப்பொம்மையின் கதை 1881 இல் ரோம் நகரின் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடராகத்தான் தொடங்கியது. அந்த மரப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார் அதை எழுதிய கொலோடி. வாசகர்கள் விடாமல் கேட்டதால்தான் அவர் தொடர்ந்து எழுதினார், பொம்மையும் பிழைத்தது. ஆகவே ஒரு முழு நூலை உரிய அனுமதியுடன் வாரந்தோறும் தொடராக வெளியிடும் எண்ணத்தையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மற்றபடி என் வேண்டுகோள் சிறியது. கதையின் கீழே எழுத்தாளர், ஓவியர், மூலமொழி, மொழிபெயர்ப்பாளர் ஆகிய நான்கையும் அச்சிடுங்கள்; பாத்திரங்களின் பெயர்களை மாற்றாதீர்கள். டென்மார்க்கின் சிறுவர் கதை எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2 ஆம் நாள், 1967 முதல் அனைத்துலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அடுத்த ஆண்டு அந்நாளில் சிறுவர் பகுதி முழுவதையும் வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்த கதைகளுக்கு ஒதுக்கினால் மிகவும் மகிழ்வேன். பனியில் வழி தவறிய அந்தச் சிறுவனின் உண்மைப் பெயரையும் அவன் நாட்டையும் தாங்கள் தெரிவித்தால், என் பேத்திக்கு நான் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்