புகைப்பட ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் கற்றதைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்கள் நம்மிடையே இப்போது சிறுபான்மை, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராதான் அதிகம். 2008இல் பானசோனிக் ஜி1 தொடங்கிவைத்த மாற்றம், 2018இல் நிகானும் கேனானும் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) மிரர்லெஸ்ஸில் இறங்கியதும் வேகமெடுத்தது. அதனாலோ என்னவோ, கூட்டம் கூடினாலே அடுத்து எதை வாங்கலாம் என்ற பேச்சுதான். ஆண்டின் நடுவில் செயற்குழு அதற்கு ஒரு வரம்பு வைத்தது: வாங்கும் பேச்சுக்குக் கடைசி அரைமணி நேரம் மட்டும், மற்றதெல்லாம் கையில் இருக்கும் கேமராவுக்கு. இந்த ஆண்டு நாம் எடுத்த முடிவுகளில் இதையே சிறந்ததாக நினைக்கிறேன்.

பலன் உடனே தெரிந்தது. உறுப்பினர் ஒருவர் மேடை நிகழ்ச்சியில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தார். ஃபோகஸ் கச்சிதம், ஆனால் பாடுபவரின் முகத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். கேமரா பழுது என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். காரணம், சத்தம் வராமல் இருக்க அவர் போட்டிருந்த எலக்ட்ரானிக் ஷட்டர், அதாவது திரை எதுவும் அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறை. பெரும்பாலான சென்சார்கள் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுகள்) படத்தை வரிசை வரிசையாகத்தான் படிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. மங்கும் நேரத்தில் படிக்கப்பட்ட வரிசைகள்தான் பட்டையாகத் தெரிகின்றன. அங்கேயே விளக்கின் கீழ் 1/500, 1/200, 1/100 நொடி என்று எடுத்துப் பார்த்தோம். 1/100இல் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடுவதால் பட்டை மறைந்தது. ஆனால் வேகமான அசைவுக்கு அந்த ஷட்டர் போதாது. அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, விளக்கின் துடிப்புக்கு ஏற்ப நேரம் பார்த்து எடுக்கும் ஆன்டி ஃப்ளிக்கரையும் போட்டுவிடுவது நல்லது. மேடை எல்.இ.டி. விளக்குகள் இன்னும் வேகமாகத் துடிக்கக்கூடும் என்பதால், போனதும் நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். சோனி ஏ9 III போல எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் இன்னும் அபூர்வம்தான்.

அடுத்து, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ் நாள். மிரர்லெஸ்ஸில் உள்கண்ணாடியை எடுத்துவிட்டதால் லென்ஸ் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது. நிகானின் டி.எஸ்.எல்.ஆர். எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., மிரர்லெஸ் இசட் மவுண்டில் 16 மி.மீ.தான். அந்த இடைவெளியில் ஓர் அடாப்டர் உட்கார்ந்துகொள்ள, அலமாரியில் தூங்கிய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு! கூர்மையான விளிம்புகளைக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் நிறக்கோட்டை மட்டும் நம்பியவர்களுக்குக் கண் இமையில் ஃபோகஸ் தப்பியது, வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது. நிதானமாக வளையத்தைத் திருப்பி எடுத்த அந்தப் படங்கள்தான் இந்த ஆண்டுக் கண்காட்சியிலும் முன்னால் நின்றன. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. லென்ஸ் மாற்றும்போது பல மாடல்களில் சென்சார் திறந்தபடியே இருக்கும். கேமராவை அணைத்து, வாய்ப்பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். தூசி பட்டால் புளோயர் போதும், வாயால் ஊதவே வேண்டாம், எச்சில் தெறிக்கும். அப்புறம், வெளியே போகும்போது கூடுதல் பேட்டரி அவசியம்.

வரும் ஆண்டில் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்து எக்ஸ்போஷர் வைப்பதற்குத் தனி வகுப்பு நடத்தலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் பொதுவாக ஜேபெக் படத்துக்கானது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் வெளிச்சப் பகுதியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். அது எவ்வளவு என்பதை அவரவர் கேமராவில் சோதித்துக் குறித்து வாருங்கள், வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

சொந்த லென்ஸ்களைத் தயங்காமல் மற்றவர் கையில் கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்