பெரிய பிரேக் செட் வாங்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

பட்டர்வொர்த்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

சிப்பாங் கார்ப்பந்தய ட்ராக்கில் ஓட்டும் உன் காடிக்கு (காருக்கு) என்று நீ அனுப்பிய மூன்று பிரேக் செட்டுகளின் படங்களையும் பார்த்தேன். சிவப்புக் காலிப்பர் (பேடை வைத்து டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போட்ட, 320 மி.மீ. டிஸ்க் உள்ள செட்டுதான் கண்ணைப் பறிக்கிறது. அதை வாங்காதே. காரணத்தை ஃபோனில் சொன்னால் கணக்கெல்லாம் காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

பெரிய பிரேக் போட்டால் காடி சட்டென்று நிற்கும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடு. சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு இப்போதே உன்னால் மிதிக்க முடிகிறது. அதற்கு மேல் பிடிக்க வேண்டியது டயர். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். சிப்பாங்கில் அது சின்ன விஷயமில்லை. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பின் நேர்ப்பாதை முடிவில் 15ஆம் வளைவு, உடனே முன் நேர்ப்பாதை, அதன் முடிவில் 1ஆம் வளைவு. இரண்டு கனமான பிரேக் அடுத்தடுத்து வரும்.

உன்னோடு சேர்த்துக் காடி 1,150 கிலோ என்று வை. 180 கி.மீ. வேகத்திலிருந்து 80க்கு இறக்கினால் ஏறக்குறைய 1.15 மெகாஜூல் சூடு பிறக்கும். காற்று இழுப்பதை விட்டுவிட்டு, 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று பார்த்தால் ஒரு டிஸ்குக்கு 0.4 மெகாஜூல். 5 கிலோ இரும்பு டிஸ்க் அந்த ஒரே பிரேக்கில் 175 டிகிரி ஏறும். 7 கிலோ டிஸ்க் 125தான் ஏறும். ஆகவே கடையில் “எத்தனை பிஸ்டன்?” என்று ஆரம்பிக்காதே. “டிஸ்க் வளையம் எத்தனை கிலோ, தடிப்பு எவ்வளவு?” என்று கேள். பதில் தெரியாத கடையில் பெயின்டைத்தான் விற்கிறார்கள்.

இனி அந்த 320 ஏன் வேண்டாம் என்பது. நீ அளந்து அனுப்பியபடி உன் ஹோண்டா சிவிக்கில் 262 மி.மீ. டிஸ்க், பேடைத் தள்ளும் 57 மி.மீ. பிஸ்டன் ஒன்று. அதன் பரப்பு 2,552 சதுர மி.மீ. அந்தச் செட்டில் பக்கத்துக்கு 40, 46 என்று இரண்டு பிஸ்டன், கூட்டினால் 2,919. நான்கு பிஸ்டனையும் கூட்டாதே, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். 14 சதவீதம் கூடுதல். பேட் அழுத்தும் இடத்தின் ஆரமும் 106இலிருந்து 135 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் அதே மிதிக்கு முன்பிரேக் 46 சதவீதம் அதிகம் பிடிக்கும். பின்பிரேக் பழையபடியே இருக்கும். முன்சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகும், பின்டயர் சும்மா உருளும், நிற்கும் தூரம் கூடும். கூடுதல் காசு கொடுத்துப் பிரேக்கைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது.

இரண்டாவது படத்தில் உள்ள 300 மி.மீ. செட்டைப் பார். பிஸ்டன் 36, 40, கூட்டினால் 2,275. பரப்பு குறைகிறது, ஆரம் 125 ஆகிறது. பெருக்கினால் பழையதைவிட 5 சதவீதம்தான் கூடுதல். முன் பின் சமநிலை கெடாது, இரும்பு மட்டும் கூடுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. போன முறை ட்ராக்கில் பிரேக் பிடிக்காமல் போனபோது பெடல் எப்படி இருந்தது? தொபுக்கென்று தரைக்குப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் ஏறியதா? அப்படியென்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் காடி நிற்கவில்லையென்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலுக்கான குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் குடித்த பின் 155. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அது ஈரம் குடிக்கும் வேகம் உனக்குத் தெரியும். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயிலும் ட்ராக் பேடும் முதலில் போட்டு ஒரு நாள் ஓடு. அதிலேயே பிரச்சினை தீர்ந்தால் செட்டுக்கு வைத்த காசில் டயர் வாங்கு.

செட்டுதான் வேண்டும் என்றால், துளை போட்ட டிஸ்க் வேண்டாம். ட்ராக் சூட்டில் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கோடு வெட்டியது போதும். நடுவில் அலுமினியத் தொப்பி, வெளியே தனி இரும்பு வளையம் என்று இரண்டு துண்டாக வருவதை எடு. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம், அதுவும் அந்த வளையமும் பேடும் கோலாலம்பூரில் தனியாகக் கிடைத்தால்தான். வளையத்துக்குள் காற்றைத் தள்ளும் விசிறித் தகடுகள் வளைந்திருந்தால் இடது வலது உண்டு: சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது விசிறியின் வெளி நுனி பின்தங்கி வர வேண்டும். மேல்கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதே, உள்ளே எட்டிப் பார். இதே காடியில் வேலைக்கும் போகிறாய் என்பதால் பிஸ்டனுக்கு ரப்பர் உறை உள்ள காலிப்பராக இருக்கட்டும். ட்ராக்கில் அந்த உறை கருகும், அவ்வப்போது மாற்ற வேண்டிவரும். உறையே இல்லாவிட்டால் மழைச்சேறு நேரே சீலுக்குப் போகும்.

மாட்டும்போது ஃபோர்மன் (மெக்கானிக்) பக்கத்திலேயே நில். ஹப்பில் துரு ஒட்டியிருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். சுரண்டிவிட்டு டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல், ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். காலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிள் மேலே பார்க்க வேண்டும். இடது வலது மாறினால் அது கீழே போய்விடும், எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். ஹோஸ் முனையில் செம்பு வாஷர் பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் புதிதாக. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் ஹோஸ் இழுபடுகிறதா, உரசுகிறதா என்று பார்.

ட்ராக் ஓரத்துக் கெர்பில் (மேடான விளிம்பில்) ஏறி இறங்கியதும் அடுத்த பிரேக்கில் பெடல் நீளமாகப் போனால் பயப்படாதே. ஹப் பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கும். பேரிங்கை மாற்று, அதுவரை வளைவுக்கு முன்னால் பெடலை லேசாக ஒரு தட்டு தட்டிக்கொள்.

புதுப் பேடை நெடுஞ்சாலையில் பழக்காதே. ட்ராக்கில் முதல் சுற்றுகளில், முழுக்க நிற்காமல் வேகத்தை இறக்கி இறக்கிப் பழக்கு, பிறகு ஒரு சுற்று ஆறவிடு. பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காதே, பெடலிலும் கால் வைக்காதே. சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி அச்சு விழும், அப்புறம் பிரேக் உதறும். கியரில் போட்டு டயருக்குக் கட்டை வை.

16 அங்குல ரிம்முக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் செட்காரர்களிடம் காலிப்பரின் வடிவப் படத்தை நிஜ அளவில் அச்சடித்து வாங்கு. அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுற்றிப் பார். எந்த இடத்திலும் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் ஈயத்தையும் கணக்கில் சேர். இடைவெளியை அளந்து படத்தோடு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா