இரண்டாம் பருவ நிறைவும் முன்வாயில் சாலையும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் இந்த வாரத்துடன் நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு அளிக்கின்றன. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் குறைவின்றி நடந்தேறின. பேச்சு, ஓவியம் முதலிய போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டு, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மறவாமல் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பள்ளிக்கு எதிரே எழுந்துவரும் புதிய அரசு அலுவலகக் கட்டடத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. அடித்தளத்துக்குத் துளையிட்டுப் பைல் எனப்படும் ஆழ்தூண்களை இறக்கும் பணி முடிந்துவிட்டது. சென்ற பருவத்தில் சன்னல் கண்ணாடிகளை நடுங்க வைத்த அதிர்வு இனி இராது. வகுப்பு நடக்கும்போது அறைக்குள் பின்னணி இரைச்சல் 35 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது. சாலைப்பக்க அறைகளில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாத நிலை இருந்ததால், இரைச்சலுக்கு இடையே சொற்களைப் பிரித்துணர அதிகம் சிரமப்படும் சிறு குழந்தைகளின் வகுப்புகளைப் பின்கட்டுக்கு மாற்றினோம். அந்த ஏற்பாடு தொடரும். இரவில் ஆளில்லாமலே கிரேனின் கை சுற்றுகிறதே என்று சிலர் கவலையுடன் கேட்டிருந்தீர்கள். அது பழுதன்று, வேலை முடிந்ததும் காற்றின் போக்கில் திரும்பட்டும் என்று அதை விட்டுவைப்பதே முறை. இறுக்கிப் பூட்டி வைத்தால்தான் ஆபத்து.

அடித்தளம் முடிந்து தளம் போடும் கட்டம் தொடங்கியிருப்பதால் ஓசை குறையும். ஆனால் வண்டிகள் பெருகும். இந்தக் கடிதம் முதன்மையாக அதைப் பற்றியதே.

சில நாட்களுக்கு முன், பள்ளி விடும் நேரத்தில் நான் முன்வாயிலில் நின்றிருந்தேன். கலவை வண்டி ஒன்று பின்னோக்கிப் பணித்தளத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அது செல்ல வேண்டிய வழியில் நம் பெற்றோர்களின் மூன்று வாகனங்கள் நின்றிருந்ததால், முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்துத் திரும்ப வேண்டியிருந்தது. வாகனங்களுக்கு இடையே காத்திருந்த ஒரு சிறுமியின் கையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் நழுவி உருண்டது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். கொடி பிடித்து நின்ற பணியாளர் கத்திக்கொண்டே ஓடிவந்து வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று அறைந்தார். வண்டி நின்றது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நசுங்கிய பாட்டில் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மட்டும் கிழியாமல் இருக்கிறது.

ஓட்டுநரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 2,400 கிலோ. ஆறு கன மீட்டர் ஏற்றிவரும் வண்டியில் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணாடிகளில், சக்கரத்தருகே குனிந்த குழந்தை தெரியாமற்போக வாய்ப்பு மிகுதி.

பள்ளி விடும் நேரத்தில் வண்டிகளை நிறுத்தி வைக்கச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் பணித்தளப் பொறியாளரிடம் அதையே கேட்டேன். வழக்கமான நாட்களில் கம்பி, செங்கல் போன்றவற்றை அந்த நேரத்தில் கொண்டுவருவதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். கான்கிரீட் போடும் நாளில் மட்டும் அது இயலாது. தண்ணீர் சேர்ந்த நொடியிலிருந்து சிமென்ட் இறுகத் தொடங்குவதால், பொதுவாக ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் கலவையைக் கொட்டியாக வேண்டும். பாதித் தளத்தில் நிறுத்திவிட்டு இறுகியபின் தொடர்ந்தால், பழையதும் புதியதும் ஒட்டாமல் அந்த இடம் பலவீனப்பட்டுவிடும். ஆகவே கான்கிரீட் நாட்களை முதல்நாளே நமக்குத் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அச்செய்தி வகுப்பாசிரியர் வழியாகத் தங்களுக்கு வந்து சேரும். இது ஒரு தளத்தோடு முடிவதும் அன்று. கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில் மதிப்பிடுவார்கள் என்றாலும், அதுவரை காத்திராமல் கீழே முட்டுக்கொடுத்து அடுத்த தளத்துக்கான வேலையைத் தொடங்கிவிடுவது வழக்கம்.

முன்வாயிலில் வாகனம் நிறுத்த வேண்டாம் என்று இரண்டு சுற்றறிக்கைகள் அனுப்பியாயிற்று. அதன் பிறகும் "இரண்டே நிமிடம்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நகர்த்தும்படி கேட்ட நம் காவலாளியை ஒருவர் குழந்தைகள் முன்னிலையிலேயே ஏசியிருக்கிறார். இதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து முன்வாயில் வழியாக எந்தக் குழந்தையும் அனுப்பப்படாது. கேட்பவர் யாராயினும், காரணம் எதுவாயினும், பக்கவாயிலில் மட்டுமே குழந்தைகள் ஒப்படைக்கப்படுவார்கள். வாகனங்களை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.

அலுவலகத்தில் அனுமதி கேட்டு, இடையில் ஓடிவந்து பிள்ளையை அழைத்துச் செல்பவர்களுக்கு அந்தக் கூடுதல் தூரம் எவ்வளவு பெரிது என்பதை அறிவேன். கைக்குழந்தையுடன் வருபவர்களுக்கு இன்னும் கடினம். அப்படிப்பட்டவர்கள் முன்கூட்டியே சொன்னால், வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் வரை குழந்தையை நூலகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் அமர்த்தி வைக்கிறோம். சன்னல்களை அடைத்தே வைக்க வேண்டிய நாட்களையும், வெள்ளைச் சீருடையில் படிந்த தூசியையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டீர்கள். யாரும் கேட்காமலே மாலை நேரங்களில் பக்கவாயிலில் நின்று குழந்தைகளைச் சாலை கடக்க வைத்த சில பெற்றோர்களுக்கு ஆசிரியர்கள் அனைவரின் சார்பிலும் நன்றி. அப்பணியில் சேர விரும்புபவர்கள் விடுமுறைக்குள் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

பாட்டிலுக்குரிய குழந்தையின் பெற்றோர் ஒருமுறை என்னை வந்து பார்க்கவும். குறை சொல்வதற்காக அழைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்