பக்கம் திருப்ப இடம் பார்த்துக் கொடுத்தவருக்கு

எங்கள் குழுவின் ஆல்பத்துக்காகப் புடாபெஸ்டில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவான கடைசி டிராக்கும் நேற்று மாலை வந்து சேர்ந்தது. அங்கே அனுப்பவிருந்த பார்ட்ஸில் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய இசைத்தாள்) இருந்த பிழைகளை நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதால், பணமும் திரட்டித் தந்ததால், ஆல்பம் பிழைத்துவிட்டது.

முதல் நன்றி, கோடம்பாக்கத்து வயலின்காரர் ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்வரப் பிழை பார்க்கத்தான் பார்ட்ஸ் அனுப்பினோம். ஐயாவின் கண் முதலில் போனது பக்கம் முடிகிற இடங்களுக்கு. தாள் வைக்கிற ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின். பக்கத்தைத் திருப்புவது உள்பக்கத்தில் இருப்பவர். அந்த நேரத்தில் வயலின் வரிசையில் பாதிப்பேர் வாசிக்கமாட்டார்கள். எங்கள் மூன்றாம் பாகத்தில் சத்தம் உச்சத்தில் இருக்கும்போதே பக்கம் முடிந்தது. அங்கே வயலின்கள் சட்டென்று பாதியாக இளைத்திருக்கும். மெல்லிய இடத்தில் முடிந்தால் தாள் சரசரப்பு மைக்கில் ஏறிவிடும், மிக்ஸிங்கில் எடுப்பது பெரும்பாடு. இரண்டு பார் (தாளச் சுற்று) அளவாவது ஓய்வு கிடைக்கிற இடமாகத் தேடித் தேடி, எல்லாப் பார்ட்டிலும் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். ஓய்வே இல்லாத செல்லோவுக்கு மூன்று தாளை ஒட்டி, விரித்து வைக்கும்படி செய்தார்.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். எங்கள் 7/8 பகுதியில் (ஒரு பாருக்கு ஏழு எண்ணிக்கை) டிரம்ஸ் 2+2+3, அதாவது கர்நாடக இசையின் விலோம சாப்பு. இசைத்தாள் எழுதும் மென்பொருளோ சுரங்களை 3+2+2 என்று கட்டுக்கட்டாகச் சேர்த்திருந்தது. கட்டு தொடங்கும் இடத்தில்தான் வில் அழுந்தும். 64 பாரும் டிரம்ஸோடு முட்டியிருக்கும். மூன்று மணி நேர செஷனில் 19 நிமிட இசை. நிறுத்தித் திருத்த நேரம் ஏது?

ஹார்ன் என்ற ஊதுவாத்தியத்தின் பார்ட்டுகளை அதன் எஃப் சுருதிக்கு ஏற்ப மாற்றி எழுதாமல் விட்டிருந்ததைச் சொன்ன தம்பிக்கு (அப்படியே போயிருந்தால் பஞ்சமம் அளவுக்குக் கீழே ஒலித்திருக்கும்), "அங்கே ட்யூனிங் 440ஆ, 442ஆ?" என்று சுருதி சேர்க்கும் அதிர்வெண்ணை முன்கூட்டியே கேட்ட சவுண்ட் இன்ஜினியருக்கு, கடைசி நீண்ட சுரத்தில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை அணைத்து ஹெட்போன் கசிவைத் தடுத்தவருக்கு, பணம் திரட்டிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

பார்ட்ஸைப் பத்திரப்படுத்தவும் ஒரு காரணம் உண்டு. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட் எழுதி, 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிளும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்த கான்செர்ட்டோ என்ற பெரிய இசைக்கோவையின் ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் சுரமும் அடங்கிய மூலத்தாள்) 1970இல் தொலைந்துபோனது. டச்சுக்காரரான மார்கோ டி ஹூய் ஒலிப்பதிவைக் கேட்டும் நிகழ்ச்சியைப் படம்பிடித்ததைப் பார்த்தும் வரிவரியாக எழுதியெடுக்க, லார்டும் கூட இருந்து முடித்த பிறகே 1999இல் அதே அரங்கில் அதை மறுபடி வாசிக்க முடிந்தது. அதை நினைத்தாலே மனம் பதறுகிறது. எங்கள் பார்ட்ஸ் இனி மூன்று இடத்தில் இருக்கும்: ஒன்று தாளாக, இரண்டு ஸ்கேனாக. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதப்போகிற எந்தக் குழு கேட்டாலும் தருகிறோம். ஐயாவின் பென்சில் கோடுகளை அழிக்கவில்லை.